அமெரிக்காவுல கடை, ரெஸ்டாரன்ட் ரெஸ்ட்ரூம்ல டயாப்பர் மாத்துற டேபிள் வெச்சே ஆகணும்னு சட்டம் இருக்கா? ஜென்ட்ஸ்ல மட்டும் ஏன் இருக்கறதில்ல?

சட்டம் இருக்கு, ஆனா நாடு முழுக்க எல்லா கடைக்கும் பொருந்தற மாதிரி ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடத்துல ஊருக்கு ஊர் மாறும். அதுவும் பெரும்பாலும் புதுசா கட்டுற கட்டடத்துக்கும் பெரிய அளவுல இடிச்சு மாத்துற கட்டடத்துக்கும்தான். முப்பது நாப்பது வருஷம் முன்னாடி கட்டின ஸ்ட்ரிப் மால்ல இருக்கற பீட்சா கடையில ஜென்ட்ஸ் பக்கம் டேபிள் இல்லன்னா எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல்தான், ஆனா அனேகமா அது சட்ட மீறல் இல்ல.

நான் நியூஜெர்சியில ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல பெர்மிட் டிராயிங் போடற ஆளு. கடை, ரெஸ்டாரன்ட் வேலைதான் ஜாஸ்தி, அதுல பாதி ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க்ல. ரெண்டு பசங்களுக்கு டயாப்பர் மாத்தின அப்பாவும் கூட, அதனால இந்த கேள்விய ரெண்டு பக்கத்துல இருந்தும் பார்த்திருக்கேன்.

முதல்ல நிறைய பேர் குழப்பிக்கற விஷயம் ஏடிஏ. 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இது, ரெஸ்ட்ரூம் சம்பந்தமா எது கேட்டாலும் இங்க எல்லாரும் ஏடிஏ ஏடிஏன்னுதான் சொல்லுவாங்க. ஆனா டயாப்பர் டேபிள் வெக்கணும்னு ஏடிஏ எங்கயும் சொல்லல. வெச்சா எப்படி வெக்கணும்னு மட்டும்தான் சொல்லுது, ஏன்னா வீல்சேர்ல இருக்கற அம்மா அப்பாவும் அதை உபயோகிக்கணும் இல்லையா. அப்போ டேபிள் வெக்காத கடை ஏடிஏவ மீறல, தப்பான உயரத்துல வெச்ச கடைதான் மீறுது. கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா நிலைமை அதான். இந்த உயரக் கணக்குக்கு அப்புறமா வரேன், அதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க.

வெச்சே ஆகணும்னு சொல்ற சட்டங்கள் எல்லாம் சமீபத்துல வந்ததுதான். ஃபெடரல் அளவுல 2016 அக்டோபர்ல ஒபாமா கையெழுத்து போட்ட பேபீஸ் ஆக்ட். ரோட் ஐலண்ட் எம்பி டேவிட் சிசிலினி கொண்டு வந்தது. பொதுமக்கள் வந்து போற ஃபெடரல் அரசு கட்டடங்கள்ல ஆண்கள், பெண்கள் ரெண்டு ரெஸ்ட்ரூம்லயும் டேபிள் இருக்கணும்னு சொல்லுது. அதுலயும் விலக்கு உண்டு, அதே மாடியில வேற ரெஸ்ட்ரூம்ல டேபிள் இருந்து, அது எங்க இருக்குன்னு தெளிவா போர்டு வெச்சிருந்தா போதும். இது அரசு கட்டடத்துக்கு மட்டும்தான், உங்க பக்கத்து காபி கடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இதை வெச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போயிடாதீங்க.

அடுத்தது ஏர்போர்ட். 2018ல எஃப்ஏஏ ரீஆதரைசேஷன்னு (எஃப்ஏஏன்னா விமானப் போக்குவரத்த கவனிக்கற ஃபெடரல் அமைப்பு) ஒரு பெரிய சட்டம் வந்துச்சு, தாய்ப்பால் கொடுக்க தனி அறை வேணும்னு சொன்னது அதுலதான், கூடவே பெரிய, நடுத்தர ஏர்போர்ட்ல ஒவ்வொரு பயணிகள் டெர்மினல்லயும் குறைஞ்சது ஒரு ஆண்கள் ரெஸ்ட்ரூம், ஒரு பெண்கள் ரெஸ்ட்ரூம்ல டேபிள் இருக்கணும்னும் வந்துச்சு. ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒண்ணுன்னு கவனிங்க, ஒவ்வொரு ரெஸ்ட்ரூமுக்கும் இல்ல. ஊருக்கு போற அன்னைக்கு கைக்குழந்தையோட நீங்க நிக்கற கேட்டுக்கு எதிர்ல அது இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அதனால செக்யூரிட்டி தாண்டினதும் மேப்ல பார்த்து வெச்சுக்கறது நல்லது.

தனியார் கடைக்கு வந்தா மாநில சட்டம்தான். எனக்கு அன்றாடம் வேலைல வர்றது நியூயார்க். அங்க 2019 ஜனவரி 1ல இருந்து, புதுசா கட்டுற இல்ல கணிசமா புதுப்பிக்கற கட்டடம் அசெம்ப்ளி இல்ல மெர்கன்டைல் வகையில வந்தா, பொதுமக்களுக்கு ரெஸ்ட்ரூம் இருக்கற ஒவ்வொரு மாடியிலயும் ஆணுக்கும் பெண்ணுக்கும் எட்டற மாதிரி குறைஞ்சது ஒரு டேபிள் இருந்தாகணும். அசெம்ப்ளின்னா ரெஸ்டாரன்ட், தியேட்டர், மண்டபம் மாதிரி ஜனம் கூடற இடம், மெர்கன்டைல்னா கடை. சாதாரண ஆபீஸ் கட்டடம் ரெண்டுலயும் வராது, அதனால ஆபீஸ் பில்டிங் லாபியில தேடி பிரயோஜனம் இல்ல.

கலிபோர்னியா கதை இன்னும் சுவாரஸ்யம். 2014ல ரெண்டு மசோதா சட்டசபையில பாஸாகி கவர்னர் ஜெர்ரி பிரவுன் மேசைக்கு போச்சு, மனுஷன் ரெண்டையும் வீட்டோ பண்ணிட்டார். அதே கவர்னர்தான் 2017ல ஏபி 1127ங்கற டயாப்பர் டேபிள் மசோதாவுக்கு கையெழுத்து போட்டார். அரசு கட்டடங்கள், அப்புறம் தியேட்டர், ஸ்டேடியம், கன்வென்ஷன் சென்டர் மாதிரி பொழுதுபோக்கு இடங்கள்னு பட்டியல் போகும். 18 வயசுக்கு கீழ உள்ளவங்கள உள்ளயே விடாத பார், நைட்கிளப்புக்கு விலக்கு, அது சரிதான், அங்க யாரு டயாப்பரோட வரப்போறா. நடுவுல அந்த மூணு வருஷத்துல என்ன மாறிச்சுன்னா, வெளிய சத்தம் கூடிச்சு. 2015ல நடிகர் ஆஷ்டன் குட்சர் ரெண்டு பெரிய சங்கிலிக் கடைகளுக்கு ஆன்லைன் பெட்டிஷன் போட்டு, ஆம்பளைங்க ரெஸ்ட்ரூம்லயும் டேபிள் வைங்கடான்னு கேட்டார், ஒரு லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க. அப்புறம் 2018ல ஃபுளோரிடாவுல டான்டே பால்மர்னு ஒரு அப்பா, ரெஸ்ட்ரூம் சுவத்துல முதுக சாய்ச்சு, குத்துக்கால் போட்ட மாதிரி உக்காந்து, தொடை மேல குழந்தைய படுக்க வெச்சு டயாப்பர் மாத்தற போட்டோ ஒண்ணு உலகம் முழுக்க சுத்திச்சு. அடுத்த வருஷமே பாம்பர்ஸ் கம்பெனி அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ஆண்கள் ரெஸ்ட்ரூம்ல 5,000 டேபிள் வெக்கறோம்னு அறிவிச்சாங்க. பெண்கள் பக்கம் இந்த கோரிக்கைய ரொம்ப காலமா அம்மாக்கள் சொல்லிட்டுதான் இருந்தாங்க, ஆம்பளை ஒருத்தர் போட்டோ போட்டதும்தான் செய்தியாச்சுன்னு எங்க வீட்டம்மா சொல்லுவாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஜென்ட்ஸ்ல மட்டும் ஏன் இல்லைங்கற ரெண்டாவது கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்துல ஓனர்தான் முடிவு பண்ணினார், குழந்தைய அம்மாதான் பாத்துப்பாங்கன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கி லேடீஸ்ல மாட்டினார். அந்த கட்டடம் எல்லாம் இன்னும் அப்படியே நிக்குது. புது சட்டம் பழைய கட்டடத்த தொடறதில்ல, பெருசா ரிப்பேர் பண்ணி பெர்மிட் எடுக்கற அன்னைக்குதான் தொடும். ஒரு தடவை என் சின்னவன தூக்கிட்டு நெடுஞ்சாலை ஓரமா ஒரு ரெஸ்டாரன்ட்ல, பேர் வேணாம், ஜென்ட்ஸ்ல இல்லன்னு கேட்டதுக்கு அங்க இருந்த பையன் ரொம்ப மரியாதையா “லேடீஸ்ல இருக்கு சார், உங்க வைஃப் வந்தாங்கன்னா...”ன்னான். வைஃப் இருந்தது வேற ஊர்ல. பனி கொட்டிட்டிருக்கு, கார் டிக்கிய திறந்து அதுலதான் மாத்தினேன். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, அந்த கட்டடத்துக்கு எந்த சட்டமும் அதுக்கு மேல கேக்கல.

சரி, இப்ப உயரக் கணக்கு. கடை வெக்கற ஆளுங்க இத படிச்சா இந்த பகுதி உங்களுக்குத்தான். இங்க வேலை பாக்கறவங்க இந்த டேபிள பொதுவா கோலான்னுதான் சொல்லுவாங்க, கோலா கேர் கம்பெனியோடதுதான் பாதி இடத்துல இருக்கும், சுவத்துல மடிச்சு வெச்சிருக்கற அந்த பிளாஸ்டிக் பலகை. திறந்து கீழ இறக்கினா குழந்தைய படுக்க வெக்கற பரப்பு தரையில இருந்து 28ல இருந்து 34 இஞ்சுக்குள்ள இருக்கணும். மடிச்சிருக்கும்போது இழுக்கற கைப்பிடி 48 இஞ்சுக்கு மேல போகக்கூடாது, ஒரே கையால, இறுக்கி பிடிக்காம, திருகாம, 5 பவுண்டு விசைக்குள்ள திறக்க வரணும். வீல்சேர் வந்து நிக்க முன்னாடி 30க்கு 48 இஞ்சு காலி இடம். அதோட வீல்சேர்ல உக்காந்திருக்கறவரோட முட்டி உள்ள போக பலகைக்கு கீழ 27 இஞ்சு காலியா வேணும். இப்ப எல்லாத்தையும் சேர்த்து பாருங்க, பலகையே நாலு இஞ்சு தடிமன்னு வெச்சுக்கிட்டா பரப்பு 28 இஞ்சுல இருந்தா கீழ 24 தான் மிஞ்சும், முட்டி இடிக்கும். அப்போ 28னு புத்தகம் சொன்னாலும் நிஜத்துல 31ல இருந்து 34 வரைக்கும்தான் வழி. அதுக்கு மேல தூக்கினா பரப்பு 34 தாண்டும், இல்ல கைப்பிடி 48 தாண்டும். மூணு நாலு இஞ்சு விளையாட்டுதான், கண்ணளவுல மாட்டற ஹேண்டிமேன் கண்டிப்பா கோட்டை விடுவார், இன்ஸ்பெக்டர் டேப்ப எடுத்து அளந்ததும் முகம் சுருங்கும்.

இன்னொன்னு, மடிச்சு வெச்ச டேபிள் சுவத்துல இருந்து எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குங்கறது. நடைபாதை பக்கம் 4 இஞ்சுக்கு மேல நீட்டக்கூடாது, ஏன்னா பார்வை இல்லாதவர் கைத்தடி தரையில தட்டிட்டு வரும்போது மேல நீட்டிட்டிருக்கறது தெரியாது, நேரா வயித்துல இடிக்கும். நீட்டாம இருக்க சுவத்துக்குள்ள புதைக்கற மாடல் இருக்கு, விலை கூட. திறந்து வெச்ச நிலைமையையும் டிராயிங்ல போடணும், இத நான் எங்க ஆபீஸ் புதுப் பசங்ககிட்ட சொல்லிட்டே இருப்பேன். மடிச்ச நிலையில மட்டும் வரைஞ்சா எல்லாம் அழகா இருக்கும், திறந்தா கதவு நேரா பலகையில இடிக்கும், பலகை மேல குழந்தை. கதவு திறக்கற வட்டத்துக்குள்ள அந்த பலகை வரவே கூடாது. வீல்சேருக்கான பெரிய ஸ்டால்ல, அதாவது கம்மோட் இருக்கற தடுப்பறையில, காலி இடம் இருக்கேன்னு அங்க மாட்டற பழக்கமும் உண்டு, கலிபோர்னியாவுல பல பேர் உபயோகிக்கற ரெஸ்ட்ரூம்ல அது கூடாது. நியாயம்தான், இருக்கறதே ஒரு ஸ்டால், அதுல டயாப்பர் மாத்திட்டு இருந்தா வீல்சேர்காரர் வெளிய நிக்கணும்.

அப்புறம் சுவரு. இங்க சுவருன்னா உள்ள கட்டை, மேல ஜிப்சம் போர்டு, நம்ம ஊர் செங்கல் சுவரு இல்ல. வெறும் போர்டுல ஸ்க்ரூ போட்டா குழந்தையோட எடையும் அதுமேல அம்மா அப்பா கைய ஊனற எடையும் சேர்ந்து ஒரு நாள் பேத்துக்கிட்டு வரும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல 16 இஞ்சு இடைவெளி இருக்கும், போர்டு அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த இடத்துல குறுக்க பேக்கிங் கட்டை அடிக்க சொல்லி டிராயிங்ல எழுதிடணும். போர்டு அடிச்சு டைல்ஸும் ஒட்டினதுக்கு அப்புறம் ஞாபகம் வந்தா திரும்ப பேக்கணும், அந்த செலவுக்கு நாலு டேபிள் வாங்கலாம். வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்2285 தரத்துக்கு சோதிச்சதான்னு பாருங்க, கமர்ஷியல் டயாப்பர் டேபிளுக்குன்னே உள்ள பாதுகாப்பு தரம் அது. வீட்டு உபயோக மாடல் எதையாவது கொண்டு வந்து வெக்காதீங்க. பெல்ட் அறுந்தா உடனே மாத்துங்க, பெல்ட் இல்லாத டேபிள் தினமும் எத்தனையோ இடத்துல பார்க்கறேன், பெல்ட் கிட் தனியாவே விக்குது.

ஆண்கள்ல ஒண்ணு, பெண்கள்ல ஒண்ணுன்னு ரெண்டு வாங்கி மாட்டறத விட எனக்கு பிடிச்சது தனி ஃபேமிலி ரெஸ்ட்ரூம். ஐபிசிங்கற கட்டட கோட் படி, அசெம்ப்ளி, மெர்கன்டைல் இடத்துல ஆண் பெண் சேர்த்து மொத்தம் ஆறு கம்மோடோ அதுக்கு மேலயோ தேவைப்பட்டா ஒரு ஃபேமிலி ரெஸ்ட்ரூம் எப்படியும் வெச்சே ஆகணும், டேபிள அதுல மாட்டினா அப்பா, அம்மா, தாத்தா யார் வேணா போகலாம். சின்ன கடைன்னா இன்னும் சுலபம். ஒருத்தர் மட்டும் போற ரெஸ்ட்ரூம் ரெண்டு இருக்குன்னு வைங்க, ரெண்டு கதவுலயும் ஆண் பெண் படத்த எடுத்துட்டு பொதுவா மாத்திடுங்க, கலிபோர்னியாவுல 2017ல இருந்து ஒத்தை ரெஸ்ட்ரூம் எல்லாம் அப்படித்தான் இருக்கணும்னு சட்டமே இருக்கு. அப்புறம் ரெண்டுல எதுல இடம் இருக்கோ அதுல ஒரு டேபிள், கதவுல ஒரு ஸ்டிக்கர், முடிஞ்சுது.

நீங்க அப்பாவா கேக்கறீங்களா கடைக்காரரா கேக்கறீங்களான்னு கேள்வில தெரியல. அப்பான்னா, கடை புதுசா கட்டினதான்னு முதல்ல பாருங்க. நியூயார்க் மாதிரி மாநிலத்துல 2019க்கு அப்புறம் கட்டின ரெஸ்டாரன்ட்ல ஆண்களுக்கு எட்டற மாதிரி ஒண்ணுமே இல்லன்னா அந்த ஊர் பில்டிங் டிபார்ட்மென்ட்ல புகார் கொடுக்கலாம், கேப்பாங்க. பழைய கடைன்னா மேனேஜர்கிட்ட தன்மையா சொல்லிட்டு வாங்க, பிளாஸ்டிக் மாடல் சில நூறு டாலர்தான், மூணு நாலு பேர் கேட்டா நிறைய பேர் வாங்கி மாட்டிடறாங்க. கடைக்காரர்னா லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பில்டிங் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: எந்த வருஷத்து கோட் இப்ப அமல்ல இருக்கு, மாநிலமோ ஊரோ அதுல டயாப்பர் டேபிளுக்கு தனியா ஏதாவது சேர்த்திருக்கா, நான் செய்யப்போற வேலை அவங்க கணக்குல பெரிய ரெனவேஷனா இல்லையா. மூணாவது கேள்விக்கு வர்ற பதில எழுத்துல, ஈமெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க, போன்ல ஒருத்தர் சொன்னத இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு வர்ற இன்னொருத்தர் ஒத்துக்கமாட்டார்.