எண்ணெய் குடித்த பழைய மரத்தில் எபாக்ஸி: கேள்வி பதில்

கே: பல வருஷமா லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தேய்த்த மேசைப் பலகை. மேலேயே எபாக்ஸி ஊற்றலாமா சார்?

ப: வேண்டாம். எபாக்ஸி என்பது பிசினும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலந்த பூச்சு. அது மரநாருக்குள் இறங்கி இறுகினால்தான் பிடிப்பு. அங்கே எண்ணெய் ஏற்கெனவே குடியிருக்கிறது. முதலில் சுரண்டியால் மேல்பிசுக்கை வழித்தெடுங்கள். சுரண்டாமல் நேரடியாக உப்புத்தாள் போட்டால் சூட்டில் பிசுக்கு இளகித் தாளை அடைத்துவிடும். பிறகு 60, அடுத்து 80 நம்பர் தாள். அடைத்த தாளைத் தூக்கிப் போடுங்கள். அது தேய்க்காது, பூசும். 120-க்கு மேல் போய் மரத்தை வழவழப்பாக்காதீர்கள்.

தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அசிட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணி மஞ்சளானால் வேறு துணி. அசிட்டோன் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் பாக்கி. பரவி, மரம் கறுத்தால் சரி. பலகையின் வெட்டு முனையில் கட்டாயம் பாருங்கள், எண்ணெயை அதிகம் குடித்திருப்பது அதுதான். நனைந்த இடம் நன்றாக உலர்ந்த பிறகே பூச்சு.

முதல் பூச்சு மெல்லியதாக, ஊற்றாமல் தடவ வேண்டும். மரம் சூடேறும் நேரத்தில் பூசினால் உள்காற்று விரிந்து குமிழி விடும். சூடு இறங்கும் மாலைதான் நல்லது.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு கிளப்பும், குவியல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

கே: மினரல் ஆயில் தடவிய பலகைக்கும் இதேதானா?

ப: அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும், காயவே காயாத எண்ணெய். இழைப்புளியால் 1, 2 மி.மீ. சீவிவிட்டுச் சொட்டு வையுங்கள். அப்போதும் உருண்டால் எபாக்ஸி ஆசையை விட்டுவிடுங்கள்.

கே: தேக்குக்கு?

ப: அதற்குச் சொந்த எண்ணெய் உண்டு. துடைத்து அசிட்டோன் பறந்ததும் தாமதிக்காமல் பூசுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணெய் மேலே வந்துவிடும்.

கே: தேய்க்காமல் அசிட்டோன் மட்டும் போதாதா?

ப: போதாது. காய்ந்து இறுகிய லின்சீட் அதில் கரையாது.

கே: தின்னர்?

ப: அதே பதில்.

கே: ஏன் இத்தனை பாடு? மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கோட் அடித்து, அதன்மேல் எபாக்ஸி விட்டால் ஒட்டுகிறதே!

ப: ஒட்டும். ஆனால் எபாக்ஸி பிடித்திருப்பது ஷெல்லாக்கை, மரத்தை அல்ல. ஷெல்லாக் சூட்டில் இளகும். கொதிக்கும் பாத்திரம் வைத்தால் எபாக்ஸி எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன்?

கே: வீட்டுக்குள் இருக்கும் அலங்கார மேசைதான். அதற்குமா?

ப: எண்ணெய் நன்றாகக் காய்ந்து, மேலே மெல்லிய பூச்சு என்றால் ஒத்துக்கொள்கிறேன். படகு, வாசற்கதவு, சமையல் மேடை என்றால் மாட்டேன். சந்தேகமிருந்தால் பலகையின் அடிப்பக்கத்தில் இரண்டையும் பூசி, ஒரு வாரம் கழித்துக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சில்லுகள் டேப்போடு வந்தால் விவாதம் முடிந்தது.

கே: லின்சீட் பலகைக்குத் தின்னர் போட்டு...

ப: மேலே சொன்ன பதிலையே படியுங்கள். துணியையும் விரித்துப் போடுங்கள்.

கே: ஹார்டனரைக் கூட்டினால் எண்ணெய் மேலும் இறுகாதா?

ப: இறுகாது. மிஞ்சிய ஹார்டனரும் சேர்ந்து பிசுபிசுக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் அளவு.