கடல் உயிரியலுக்கு முன் என்ன கற்க வேண்டும்?

நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன், நீச்சல் தெரியாது, பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்சி. கடல் உயிரியல் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேரலாம். நீச்சல் பிறகு, புள்ளியியலை இப்போதே தொடங்குங்கள், பலர் தடுமாறுவது அங்கேதான்.

அதற்கான பயிற்சிக்கு முட்டம் கடற்கரைப் பாறைகள் போதும். கடல் வற்றும் நேரத்தில் துணையோடு போய், 50 செ.மீ. சதுரச் சட்டத்தைப் பத்து இடங்களில் வைத்து, உள்ளே இருக்கும் உயிரிகளை எண்ணுங்கள். உயிரிகள் நிறைந்த இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு வீங்கிவிடும். இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கடல் மீண்டும் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் மிதவை உயிரிகளை (பிளாங்க்டன்) கெடாமல் காக்க 4 சதவீத ஃபார்மலினில் வைக்கும்போது, போராக்ஸ் என்ற காரப் பொடியைச் சேருங்கள். இல்லையேல் ஃபார்மலினின் அமிலத்தன்மை நுண்ணிய ஓடுகளைக் கரைத்துவிடும், பிறகு இனம் காண முடியாது. டி.என்.ஏ. எடுக்க என்றால் 95 சதவீத எத்தனால்தான். பவளம், கடல் அட்டை, கடல்குதிரை எதையும் சேகரிக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது.