முதல் மீட்டிங் போக தயக்கமா இருக்குன்னு கேட்டீங்களே

ப்ரோ, குடிய விடணும் ஆனா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு, குடிய விட நினைக்கறவங்க கூடிப் பேசற அமைப்போட மீட்டிங் போனா தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. எனக்கும் அதே பயம்தான், ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்திருக்கேன்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935லேருந்து நடக்குது, முழுப்பேர் சொல்ல வேண்டாம், பீஸ் கிடையாது, நிறுத்தணும்ங்கற ஆசை இருந்தா போதும். அவங்க வெப்சைட்லயோ மீட்டிங் கைடு ஆப்லயோ தேடுங்க, ஓப்பன் மீட்டிங்னா யார் வேணா வரலாம் வீட்டு ஆளையும் கூட்டிட்டுப் போலாம், க்ளோஸ்டுன்னா குடிப்பிரச்சனை இருந்து விடணும்னு நினைக்கறவங்களுக்கு மட்டும். நேர்ல போக மனசு வரலன்னா மொதல்ல ஆன்லைன்ல சேந்து சும்மா கேளுங்க, பேசச் சொன்னா இன்னிக்கு கேக்க மட்டும் வந்தேன்னு சொல்லிடுங்க. ஒரு குரூப் ஒத்துவரலன்னா அதோட விட்டுடாதீங்க ப்ளீஸ், எனக்கு மூணாவதுதான் செட் ஆச்சு. அங்க வர்ற கடவுள் பேச்சு பிடிக்கலன்னா, அது இல்லாம நடக்கற ஸ்மார்ட் ரெகவரிங்கற குரூப்ப பாருங்க.

இன்னொண்ணு, தினமும் நெறைய குடிக்கறீங்கன்னா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து, மொதல்ல டாக்டர பாருங்க. உங்க வீட்டம்மாவுக்கு அல்-அனான் இருக்கு, அது குடும்பத்து ஆளுங்களுக்குன்னே நடக்கறது, அவங்ககிட்டயும் சொல்லுங்க.