தலைப்பில் கம்பீரமாக நிற்கும் தடித்த செரிஃப் எழுத்துரு (கோட்டு முனைகளில் சின்னக் கொம்பு வைத்தது), பத்தியில் போட்டால் ஏன் கண்ணை உறுத்துகிறது?

அப்ரில் ஃபேட்ஃபேஸ், பிளேஃபேர் டிஸ்பிளே வகையறாவைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. பெரிதாக நிற்பதற்கென்றே வரைந்த எழுத்துகள் அவை. ஒன்றின் பெயரிலேயே டிஸ்பிளே இருக்கிறது, யார் கவனிக்கிறோம்?

ஒரு கணக்குப் போடுவோம். 72 பாயிண்ட் தலைப்பில் மெல்லிய கோடு 1 பாயிண்ட் தடிமன் என்று வையுங்கள். எழுத்தை 9 பாயிண்டுக்குச் சுருக்கினால் அந்தக் கோடு 0.125 பாயிண்ட்தான். சாதாரணத் திரையில் ஒரு பிக்சலைக்கூட நிரப்பாமல் சாம்பலாகக் கரைந்துவிடும். காகிதத்தில் விட்டுவிட்டு விழும். மிஞ்சுவது தடித்த கோடுகள் மட்டும். 'மினிமம்' என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடித்துப் பாருங்கள், வேலிக்கால் நட்ட மாதிரி இருக்கும்.

இந்தப் புகார் பழையது. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை பர்மிங்காமில் எழுத்துரு வடிவமைப்பாளர் ஜான் பாஸ்கர்வில் கூட்டியபோது, இது படிப்பவர்களைக் குருடாக்கிவிடும் என்றார் ஒருவர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சும்மா இருப்பாரா? இன்னொரு எழுத்து வார்ப்பாளரான காஸ்லானின் மாதிரித் தாளில் பெயரைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று அவரிடம் நீட்டினார். அந்த மனிதர் அதிலும் அதே குறையை வரிவரியாகக் கண்டுபிடித்தார்! 1760இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராங்க்ளினே இதைச் சொல்கிறார். அது வீம்பு, உங்கள் புகார் நியாயமானது. ஏனென்றால் பின்னால் வந்த எழுத்து வார்ப்பாளர்கள், பாரிஸில் டிடோ குடும்பமும் இத்தாலியின் பார்மாவில் பொடோனியும், மெல்லிய கோட்டை மயிரிழை ஆக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் சுவரொட்டிகளுக்காகத் தடித்த கோட்டை மட்டும் மேலும் ஊத வைத்தார்கள், மயிரிழை அப்படியே இருந்தது. ஃபேட் ஃபேஸ் பிறந்த கதை இதுதான்.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 14 பாயிண்ட். திரையில் நாலு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு ரசித்தேன். அச்சாகி வந்தபோது மை பரவி மயிரிழைகளை விழுங்கியிருந்தது. நடுக்கோடு போன ஆங்கிலச் சின்ன 'e' எல்லாம் 'c' ஆகிவிட்டது. அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை, கோப்பு என்னுடையது.

சரி, என்ன செய்யலாம்? தலைப்புக்கு நாலைந்து சொல்லோடு நிறுத்துங்கள். எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் இறுக்குங்கள். பத்திக்கு வேறு எழுத்துரு. அதே சாயல்தான் வேண்டும் என்றால் அளவுக்கேற்பத் தனித்தனியாக வரைந்த குடும்பத்தைத் தேடுங்கள்; ஐடிசி பொடோனியில் 6, 12, 72 பாயிண்ட் என்று மூன்று வரைவுகள் உண்டு, 6இல் மெல்லிய கோடு நன்றாகவே தடித்திருக்கும். அப்புறம், அச்சுக்குப் போகிற வேலை என்றால் நிஜ அளவில் ஒரு தாள் எடுத்து, முதலில் சின்ன 'e'யைப் பாருங்கள்.