பியானோ ஆணியில் கம்பியை நேர்த்தியாகச் சுற்றுவது எப்படி?

அறுந்த கம்பியை மாற்றினால், சுருதி கூட்டத் திருகும் ஆணியில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன என்கிறீர்கள். மும்பை மாட்டுங்காவில் எங்கள் பழைய பியானோவில் நான் சுற்றிய முதல் கம்பி இடியாப்பம் போலத்தான் இருந்தது. சுருதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

செம்பூர் அத்தை வீணை வாசிப்பவர். வீணையின் முறுக்காணிக்குப் பிரடை என்று பெயர். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பிரடையைத் திருகுகிற கை கிடக்கட்டும். இன்னொரு கை என்ன செய்கிறது?" என்றார். இன்னொரு கை டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது!

கோளாறு அங்கேதான். கம்பியை இடது கை விடாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். டார்ச்சைப் பிடிக்க வேறு ஆள் பாருங்கள்.

முதலில் ஆணியை இடப்புறமாக மூன்று சுற்றுத் திருப்பிக்கொள்ளுங்கள். அதில் மெல்லிய திருகுப்புரி இருப்பதால் சற்று வெளியே வரும். புதுக் கம்பியைச் சுற்றும்போது ஆணி பழைய ஆழத்துக்கே இறங்கிவிடும். அதே தடிமனுள்ள கம்பியை ஆணிவரை இழுத்து, அதைத் தாண்டி நான்கு விரற்கடை விட்டு வெட்டுங்கள். ஆணியின் விட்டம் சுமார் 7 மி.மீ. என்பதால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை செ.மீ. போகும், மூன்று சுற்றுக்குக் கணக்குச் சரியாக வரும்.

வெட்டிய முனையை ஆணியில் உள்ள துளைக்குள் செருகுங்கள். அது துளையின் மறுபக்க விளிம்போடு நிற்கட்டும். வெளியே நீட்டினால் தூசி துடைக்கும்போது விரலைக் கிழிக்கும். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. அரைச் சுற்றுத் திருகியதும், துளைவாயில் கம்பி மடங்கும் இடத்தைக் குறட்டால் அழுத்திக் கூர்மையாக்குங்கள். அந்த மடிப்பு தொளதொளவென்று இருந்தால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு புதுச் சுற்றும் முந்தையதைவிட, ஆணிகளின் அடியில் உள்ள இரும்புச் சட்டத்துக்கு நெருக்கமாக விழ வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பியானோ என்றால் கம்பி ஆணியின் இடப்பக்கமாக ஏறி வரும். தொய்வு நீங்கியதும், இழுவை ஏறுவதற்கு முன்பே, சிறு கொக்கியால் சுற்றுகளைத் துளைப்பக்கமாக நெம்பி ஒட்டவையுங்கள். முழுச் சுருதியில் ஒரு கம்பி சுமார் 70 கிலோ இழுவையைத் தாங்குகிறது. அப்போது நெம்பினால் அறுந்து முகத்தில் அடிக்கலாம். கண்ணாடி அணியாமல் உட்காராதீர்கள்.

எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் புதுக் கம்பி நீளத்தான் செய்யும். முதல் வாரம் நான் தினமும் சுருதியை ஏற்றினேன்.