ஊசியிலும் யூனிட், லாரியிலும் யூனிட்

மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வீடு கட்டுகிறோம். எம்-சாண்டை யூனிட் கணக்கில் விற்கிறார்கள், கரண்ட் பில்லிலும் யூனிட். அம்மாவுக்கு இன்சுலின் 20 யூனிட். பழைய ஊசியில் 40 வரை கோடு இருக்கும். இந்த முறை வாங்கிய ஊசியில் 100 வரை இருக்கிறது. 20-லேயே நிறுத்திப் போட்டால் சரிதானே? யூனிட் எல்லாம் ஒன்றுதானே?”

இல்லைங்க. அந்தப் புது ஊசியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, முதலில் மருந்து பாட்டிலைப் பாருங்கள். அதில் 40 என்று போட்டிருந்தால், ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து இருக்கிறது. 100 என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட். ஊசியின் கோடுகளும் அதே கணக்கில் போட்டவைதான். 40 மருந்துக்கு 40 ஊசி, 100 மருந்துக்கு 100 ஊசி. நம் கடைகளில் 40 ஊசிக்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. ஆனாலும் மூடியை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

மாறினால் என்ன ஆகும்? 40 மருந்தை 100 ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது. 100 மருந்தை 40 ஊசியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு ஏற்கெனவே புது ஊசியில் போட்டிருந்தால், விட்டதைச் சேர்த்துப் போடாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

யூனிட் என்ற சொல்லுக்குத் தனியாக ஓர் அளவு கிடையாது. இன்சுலினை 1920-களில் பிரித்தெடுத்தபோது அதைக் கலப்பில்லாமல் தனியாக எடுத்து எடை போட முடியவில்லை. அதனால், முயலின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்து யூனிட் வகுத்தார்கள். அதாவது மருந்து செய்யும் வேலையின் அளவு அது. வைட்டமின் டி மாத்திரையில் 60,000 யூனிட் என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. எடையில் அது ஒன்றரை மில்லிகிராம்தான்.

கரண்டில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் கரண்ட்.

மணலுக்கு வந்தால், ஒரு யூனிட் 100 கன அடி. லோடு வந்ததும், தட்டுவதற்கு முன்பே டேப் பிடித்து நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் வகுங்கள். 10 அடி, 7 அடி, 3 அடி என்றால் 2.1 யூனிட். அதை 3 யூனிட் என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.