முந்தானையில் இரண்டு முடிச்சு: சிறுதொழில் கேள்வி பதில்

கேள்வி: என் மகளும் நானும் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு, 200 கிராம் பொட்டலம் 25 ராண்ட் என்று சனிக்கிழமைதோறும் சந்தையில் விற்கிறோம். ஒரு தடவைக்கு 40 பொட்டலம் சுடுகிறோம். மாவு, எண்ணெய், வெண்ணெய், எள், சீரகம், பொட்டல உறை எல்லாம் சேர்ந்து 440 ராண்ட் ஆகிறது. பொட்டலத்துக்கு 14 ராண்ட் லாபம் வரவேண்டும். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. புரட்டாசியிலும் தீபாவளிக்கு முன்பும் நன்றாக விற்றும் இதே நிலைதான். தவறு எங்கே இருக்கிறது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கைப்பக்குவத்திலும் உழைப்பிலும் குறையில்லை. அடக்கவிலையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். உங்களிடம் கேட்டறிந்த விவரங்களையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். அடுப்புக்கு மின்சாரம் 60 ராண்ட், சந்தைக்குப் போய்வர 70, மேசை வாடகை 100. இவற்றை 440-உடன் கூட்டினால் 670 ராண்ட் ஆகிறது. நொறுங்குவதும், ருசி பார்க்கக் கொடுப்பதும், விற்காமல் திரும்புவதுமாக 4 பொட்டலம் போய்விடுகிறது என்றும் சொன்னீர்கள். ஆகவே காசாவது 36 பொட்டலம்தான். 36 பொட்டலத்துக்கு வரவு 900 ராண்ட், செலவு போக மிச்சம் 230 ராண்ட். பொட்டலத்துக்கு 14 என்று நீங்கள் நினைத்திருந்த லாபம் உண்மையில் ஆறரை ராண்டைக்கூட எட்டவில்லை.

இதோடு கணக்கு முடியவில்லை. மாவு பிசைவது முதல் சந்தையில் கடை எடுத்து வைப்பது வரை இருவருமாகச் செலவிடும் நேரம் 16 மணி. 230 ராண்டை அதனால் வகுத்தால் மணிக்கு 14 ராண்டும் சில்லறையும் வருகிறது. 2025 மார்ச்சில் இந்த நாட்டில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட். நீங்கள் உங்களுக்கே அதில் பாதியைத்தான் கொடுத்துக்கொள்கிறீர்கள். வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலி எழுதாத வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. அதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. வேறொரு பெண்ணை உதவிக்கு வைத்திருந்தால் அவளுக்குக் கொடுக்கவேண்டிய கூலி, உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் உரிய கூலிதான்.

விலையை 32 ராண்டாக உயர்த்திப் பாருங்கள். அதே 36 பொட்டலத்துக்கு வரவு 1,152 ராண்ட் ஆகும். செலவு போக 482 நிற்கும், அதாவது மணிக்கு 30 ராண்ட். ஒரேயடியாக 7 ராண்ட் ஏற்றினால் வாடிக்கையாளர் விலகிவிடுவார் என்று தோன்றினால், விலையைச் சற்றே ஏற்றி, மேசை வாடகையும் பயணச் செலவும் இல்லாத முன்பதிவு விற்பனையைக் கூட்டுங்கள். அண்டை வீடுகளும் கோயில் விசேஷங்களும் அதற்கு உகந்தவை. எடையைச் சொல்லாமல் குறைப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தடவை கண்டுகொண்டவர் மறுபடி வரமாட்டார்.

இனி, பணம் நிற்காததன் இரண்டாவது காரணம். என் தாயார் டர்பன் வார்விக் பகுதியிலுள்ள விடியற்காலைச் சந்தையில் பல ஆண்டுகள் கீரையும் கொத்தமல்லியும் விற்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய முந்தானையில் எப்போதும் இரண்டு முடிச்சு இருக்கும். ஒன்று மறுநாள் சரக்கு எடுக்கும் முதல் பணம், மற்றொன்று வீட்டுக்கானது. வீட்டில் ரொட்டி இல்லாத நாளிலும் முதல் முடிச்சை அவர் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. சிறு வயதில் அதைக் கல்மனம் என்று எண்ணியிருந்தேன். மறுநாள் சரக்கு எடுக்க முடியாமற்போனால் அதற்கு மறுநாளும் ரொட்டி இராது என்பது பிற்பாடுதான் விளங்கியது.

நீங்கள் செய்யவேண்டியதும் அதுவே. சனிக்கிழமை மாலை வீடு திரும்பியதும் 670 ராண்டைத் தனியே எடுத்துவையுங்கள். அடுத்த வாரத்து மாவும் எண்ணெயும் மேசை வாடகையும் அந்தப் பணத்திலிருந்துதான் வரவேண்டும். மிச்சமான 482-இல் 400-ஐ இருவருக்கும் கூலியாக எடுத்துக்கொண்டு, 82-ஐத் தொழிலிலேயே விட்டுவிட்டால், உரலோ வாணலியோ பழுதாகும் நாளில் கைமாற்றுக்குப் போகவேண்டியிராது. இப்போது பலர் தொலைபேசி வழியாகவும் பணம் செலுத்துவதால், அந்தத் தொகை வீட்டுச் செலவுக்கான வங்கிக் கணக்கிலேயே விழுந்து கலந்துவிடுகிறது. முறுக்குப் பணத்துக்கென்று ஒரு தனிக் கணக்குத் தொடங்குவது இன்றே செய்யத்தக்க வேலை.

தீபாவளிக் காலத்து வருமானத்தையும் அந்தக் காலத்திலேயே செலவழித்துவிடக் கூடாது. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடைக்கும் கட்டணத்துக்குமே எல்லா வீட்டிலும் பணம் போய்விடும், முறுக்கு வாங்குவோர் குறைவர். அந்த மந்தமான வாரங்களுக்கு உங்கள் கூலியை இப்போதே ஒதுக்கிவையுங்கள். மேலும், விற்பனைக்கு உணவு தயாரிக்கும் இடத்துக்கு நகராட்சியின் சுகாதாரப் பிரிவு வழங்கும் தகுதிச் சான்று வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் கூறுகின்றன. வீட்டுச் சமையலறைக்கும் இது பொருந்துவதால், பெறாமலிருந்தால் விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: நான் டோங்காட்டில் சிறு அளவில் மசாலாப் பொடி விற்கிறேன். ரசீதில் 15 சதவீதம் வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்த்து வாங்கலாமா?

பதில்: வாட் பதிவு பெறாதவர் வாட் வசூலிக்கக் கூடாது. அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய் போன்ற அடிப்படைப் பொருள்களை வாங்கும்போது உங்களுக்கு வாட் இல்லை. மசாலாவுக்கும் உறைக்கும் நீங்கள் செலுத்தும் வாட்டைத் திரும்பப் பெற முடியாதாகையால், கொடுத்த முழுத் தொகையையும் அடக்கவிலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஃபீனிக்ஸ் வாசி, வயது 29. ஆட்குறைப்பில் வேலை போயிற்று, 30,000 ராண்ட் கிடைத்தது. 50,000 ராண்டுக்கு உணவு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, அதில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய உணவு) விற்க எண்ணம். குறையும் 20,000-ஐ எங்கள் வட்டாரத்தில் ஒருவர் மாதம் 30 சதவீத வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார், வங்கி அட்டையை அடகாகக் கேட்கிறார். முதலில் கம்பெனி பதிவு செய்யவேண்டுமா?

பதில்: தம்பி, பதிவைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தக் கடனை வாங்காதீர்கள். 20,000 ராண்டுக்கு மாதம் 6,000 ராண்ட் வட்டி. நான்கே மாதத்தில் வட்டி மட்டும் 24,000 ஆகி முதலை மிஞ்சிவிடும், முதலோ அப்படியே நிற்கும். புதிய வண்டி ஒன்று வாடிக்கை பிடிப்பதற்கே அந்த நான்கு மாதமும் போதாது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, கடன் கொடுப்பவர் உங்கள் வங்கி அட்டையையோ அடையாள அட்டையையோ இரகசிய எண்ணையோ வைத்துக்கொள்வது குற்றம். முறையாகப் பதிவு பெற்றவர்கள் கொடுக்கும் குறுகிய காலச் சிறு கடனுக்கே மாதம் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க அனுமதியில்லை. அவர் கேட்பதோ அதைப்போல் ஆறு மடங்கு.

அடுத்து, கையிலுள்ள 30,000-ஐ முழுவதும் முதலாக எண்ணவேண்டாம். மூன்று மாத வீட்டுச் செலவை முதலில் எடுத்து ஒதுக்கிவிட்டு, எஞ்சுவதுதான் உங்கள் முதல். அது 10,000 ராண்டாகவே இருந்தாலும் தொழில் தொடங்கலாம். வண்டியை வாங்குவதற்கு முன் வாரக் கடைசிகளில் வாடகைக்கு எடுத்து, எட்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை பன்னி சௌ போகிறது, எவ்வளவு கறி மிஞ்சுகிறது, மழை நாளில் என்ன ஆகிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதிவையுங்கள். அந்த நோட்டு இருந்தால் கடன் கேட்கப் போகும் இடத்திலும் பேச்சு எடுபடும். சிறு தொழில்களுக்கு ஆலோசனையும் கடனும் வழங்கும் அரசு அமைப்புகள் 2024 அக்டோபரில் செட்ஃபா என்ற ஒரே முகமையாக இணைக்கப்பட்டன. அங்கே விசாரியுங்கள்.

கம்பெனியைப் பொறுத்தவரை, தனி ஒருவராகத் தொழில் செய்வதற்கு அந்தப் பதிவு தேவையில்லை. பதிவுக் கட்டணம் குறைவுதான், ஆனால் ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்யும் கடமை கூடவே வரும். வருமான வரிக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். தனித் தொழில் செய்பவர் ஆகஸ்ட் இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் வரியை முன்கூட்டிச் செலுத்தவேண்டியவர் என்பதை நினைவில் வைத்து, அதற்கான பணத்தை மாதந்தோறும் எடுத்துவையுங்கள்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வீட்டோடு சேர்ந்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடன் கேட்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், கோயிலில் முகம் பார்க்கவேண்டியவர்கள். எப்படி மறுப்பது?

பதில்: ஐயா, முற்றிலும் மறுக்கவேண்டும் என்று சொல்ல மாட்டேன், அக்கம்பக்கத்துக் கடை அப்படி நடக்காது. ஆனால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். 80 ராண்ட் சரக்கை 100-க்கு விற்கிறீர்கள் என்றால் லாபம் 20. அந்த நூறு வராமற்போனால், கைவிட்டுப் போன 80-ஐ ஈடுகட்ட இன்னும் நான்கு பேருக்கு ரொக்கமாக 100 ராண்டுக்கு விற்கவேண்டும். அந்த நால்வரிடம் கிடைக்கும் லாபம் முழுவதும் அந்த ஒருவருக்கே போய்ச் சேர்கிறது.

ஆகவே கடனுக்கென்று மொத்தமாக ஒரு வரம்பு வையுங்கள். அது உங்கள் ஒரு மாத லாபத்தில் பாதிக்கு மேற்படவேண்டாம். பழைய பாக்கி தீராமல் ஒருவருக்குப் புதுக் கடன் எழுதாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சிட்டையில் தேதியும் தொகையும் எழுதி, வாங்குபவரிடமே கையெழுத்து வாங்குங்கள். முதியோர் உதவித்தொகை வரும் நாள், சம்பள நாள் ஆகியவற்றை அறிந்து, அன்றே பாக்கியை நினைவூட்டுங்கள். மூன்று நாள் கழித்துக் கேட்டால் அவரிடமும் இராது. முகம் பார்த்து மறுப்பது கடினமாயிருந்தால், கல்லாவுக்கு மேல் எல்லோரும் பார்க்கும்படி அந்த விதியை எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் சொந்தத் தம்பிக்கும் அதே விதியைப் பிடியுங்கள். அதைப் பார்த்தபின் மற்றவர்கள் உங்களைத் தவறாக எண்ணமாட்டார்கள்.